பெடியனுக்கு ஏழரை

எங்கள் வாசலில் நின்ற பழைய கொரோலாவை விற்கப் போனால் 3,500 டொலருக்கு மேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அந்தக் காரை என் மகன் ஒரு வருடம் ஓடுவதற்குக் காப்புறுதி 7,200 டொலர். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மாமாவிடம் தொலைபேசியில் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு யோசனை சொன்னார். "தம்பி, அந்தக் காசுக்கு இன்னும் ரண்டு கொரோலா வாங்கி நிப்பாட்டலாமே. ஒண்டை இடிச்சால் அடுத்ததை எடுத்து ஓடட்டும்."

மாமா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. நாங்கள் காருக்குத்தான் காப்புறுதி எடுக்கிறோம் என்று நினைத்ததுதான் பிழை. எங்கள் தவறால் அந்தக் கொரோலா நொறுங்கினால் கம்பனி ஒரு சதமும் தராது. அந்தப் பகுதியை எப்போதோ வெட்டிவிட்டேன். அந்த 7,200 டொலரும் ரொறன்ரோ வீதிகளில் திரியும் மற்ற மனிதர்களின் கழுத்துக்கும் முதுகுக்கும் முழங்காலுக்கும். ஒன்ராறியோச் சட்டப்படி பிறருக்கு உண்டாக்கும் நட்டத்துக்குக் குறைந்தது 200,000 டொலருக்காவது காப்புறுதி இருக்க வேண்டும். அந்தக் குறைந்த தொகையோடு நிற்கும் தமிழரை நான் இன்னும் காணவில்லை. யாராவது வழக்குப் போட்டால் வீடு போய்விடும் என்ற பயத்தில் பத்து லட்சம், இருபது லட்சம் என்றுதான் எல்லோரும் எடுக்கிறார்கள். அது போக, விபத்தில் ஒருவர் எழும்பவே முடியாதபடி காயப்பட்டால் வைத்தியத்துக்கும் பராமரிப்புக்கும் 10 லட்சம் டொலர் வரை காப்புறுதியிலிருந்து போகும், பிழை யாருடையது என்று பாராமல். இந்தக் கணக்கில் என் கொரோலா வெறும் தகரம்.

"அப்ப உதொண்டும் இல்லாமல் ஓடினால் என்ன?" என்றார் மாமா.

"பிடிபட்டால் முதல் தரமே 5,000 டொலரிலிருந்து 25,000 வரைக்கும் தண்டம், மாமா."

"பிடிபட்டால்தானே?"

நிகழ்தகவும் அவர் படிப்பித்த பாடம்தான்.

இந்த மாகாணத்தில் பிள்ளைகள் ஒரேயடியாகச் சாரதி ஆவதில்லை. 1994 ஏப்ரலிலிருந்து எல்லாம் படிப்படியாகத்தான். 16 வயதில் ஒரு எழுத்துப் பரீட்சை, ஒரு கண் பரிசோதனை, கையில் ஜி1. பக்கத்தில் குறைந்தது நாலு வருட அனுபவமுள்ள முழுச் சாரதி ஒருவர் இருக்க வேண்டும். அவருடைய இரத்தத்தில் மதுசாரம் 0.05க்குக் கீழே இருக்க வேண்டும். இந்த ஒரு விதியால் எங்கள் குடும்பத்தில் சில மாமன்மார் வெள்ளிக்கிழமை இரவுகளில் தகுதி இழந்தார்கள். நள்ளிரவிலிருந்து காலை 5 மணி வரை ஓடக்கூடாது. பயிற்சியாளர் கூட இல்லாமல் 401 நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. இப்படி ஒரு வருடம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி வகுப்புக்குப் போனால் எட்டு மாதம். அதன் பிறகு ரோட் டெஸ்ட், ஜி2, தனியே ஓடலாம்.

ஜி1 காலம் முழுக்கக் கம்பனி என்னிடம் மகனுக்காக ஒரு சதமும் கூடுதலாக வாங்கவில்லை. அறிவிக்கச் சொன்னார்கள், அறிவித்தேன், அவ்வளவுதான். ஜி2 வந்த கிழமை 7,200. பெடியன் அதே பெடியன். கார் அதே கார். ரோட் டெஸ்ட் பாஸ் பண்ணியிருக்கிறான், ஆகவே முன்பைவிட நன்றாகத்தான் ஓடுகிறான். மாறியது ஒன்றே ஒன்று: பக்கத்து ஆசனத்தில் நான் இல்லை. அப்படியானால் அந்த ஆசனத்தில் சும்மா குந்தியிருந்து "ஸ்லோ, ஸ்லோ, டேய் ஸ்லோ" என்று சொல்லிக்கொண்டிருந்த என் பெறுமதி வருடத்துக்கு 7,200 டொலர். இந்த நாட்டில் கோப்பை கழுவியது முதல் கணக்கு எழுதியது வரை எத்தனையோ வேலை செய்துவிட்டேன். வாயால் மட்டும் செய்த வேலைக்கு ஒருவரும் இப்படி விலை போட்டதில்லை. பெருமையோடு மனைவியிடம் சொன்னேன்.

"வீட்டிலை அதை இலவசமாய்த்தானே செய்யிறியள்" என்றாள்.

விலையைக் குறைக்க வழி உண்டா என்று கேட்கப் புரோக்கர் தம்பியிடம் போனோம். மார்க்கம் வீதியில் ஒரு பிளாசா. கீழே மரக்கறிக் கடை, மேல்மாடியில் அவருடைய ஒபிஸ். அதே மாடியில் ஒரு வீட்டு முகவர், ஒரு சட்டத்தரணி, ஒரு சாத்திரியார். படியேறினால் சாத்திரியாரின் பலகைதான் முதலில் கண்ணில் படும். புரோக்கர் தம்பி கணினியைத் தன் பக்கம் இழுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கியதும், கதவு மாறிப் புகுந்துவிட்டோமோ என்று எனக்கு ஐமிச்சம் வந்தது.

"பெடியன் பிறந்த திகதி?"

சொன்னேன்.

"ஆணோ, பெண்ணோ?"

"பெடியன் எண்டு நீங்கள்தானே சொன்னியள், தம்பி."

"சிஸ்டம் கேக்குது, அண்ணை. இருக்கிற இடம்? போஸ்டல் கோட்?"

பிறந்த நேரத்தை மட்டும்தான் கேட்கவில்லை. எங்கேயோ ஒரு கட்டத்தில் கிரகங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, கணினி என் பிள்ளையின் சாதகத்தைப் பலனோடு வெளியே தள்ளியது. வருடத்துக்கு 7,200. இன்னொரு கம்பனியின் பலன் 8,000க்குக் கிட்ட.

நான் விடவில்லை. இவன் குடிக்க மாட்டான். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம். மிருதங்கத்தில் அரங்கேற்றத்துக்கு ஆயத்தம். "சைக்கிளிலை போகேக்கையே ஸ்டொப் சைனிலை காலூண்டி நிண்டு ரண்டு பக்கமும் பாக்கிற பிள்ளை, தம்பி." பக்கத்தில் மகன் வெட்கத்தில் கூனிக் குறுகினான். தம்பி பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல விஷயம், அண்ணை. ஆனா உதுக்கு இதிலை பெட்டி இல்லை."

கீழே முருங்கைக்காய்க்குப் பேரம் பேசி வென்ற சூடு இன்னும் ஆறாததால் இங்கேயும் பேசிப் பார்த்தேன். தமிழாக்கள் எண்டு பாத்துக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ என்றேன். அவர் சிரித்தார். ஒவ்வொரு கம்பனியும் தன் விலைப்பட்டியலை மாகாணத்தின் நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமாம். அதற்குப் பிறகு புரோக்கர் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. தெரிந்தவருக்கென்று தள்ளிக் கொடுத்தால் அவருடைய லைசென்ஸ் போய்விடும்.

"அப்ப இது எப்பதான் இறங்கும்?"

"பிழையில்லாமல் ஓடினால் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கும், அண்ணை. இருபத்தஞ்சுக்குப் பிறகு நல்லாய் இறங்கும். அதுவரைக்கும் பொறுக்கத்தான் வேணும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். பேரனுக்கு இப்போது பதினேழரை. இருபத்தைந்தில் பதினேழரை போனால் ஏழரை. அம்மாவின் முகத்தில் அப்படியொரு தெளிவு. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து இந்த நாட்டில் நடப்பது ஒன்றும் அவருக்கு விளங்கியதில்லை. வருடத்தில் இரண்டு தரம் மணிக்கூட்டை ஏன் மாற்றுகிறார்கள், நாய்க்கு ஏன் சப்பாத்துப் போடுகிறார்கள், ஒன்றும். இது மட்டும் சட்டென்று விளங்கிவிட்டது.

"ஏழரைச் சனி எண்டு நேர சொல்லாமல் ஏன் இவ்வளவு பேப்பர் தாறாங்கள்?" என்று கேட்டார். அன்றே எள்ளெண்ணெய் வாங்க ஆள் அனுப்பினார்.

இடதோஷம் என்று ஒன்று இருப்பதையும் அப்போதுதான் அறிந்தேன். ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம். நாங்கள் தெற்கே, ஸ்காபரோவில். மனைவியின் தமக்கை வடக்கே, நடந்து போகும் தூரத்தில். வீதியைக் கடந்தால் போஸ்டல் கோட் மாறும், போஸ்டல் கோட் மாறினால் விலை மாறும். அந்தந்தப் பகுதியில் எத்தனை விபத்து, எத்தனை திருட்டு, எத்தனை பேர் கழுத்துப் பிடிப்பு என்று கிளெயிம் போட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அதாவது ஸ்காபரோவில் யாரோ ஒருவர் சிவப்பு விளக்கில் மறித்து நின்றவரைப் பின்னால் போய் இடித்ததற்கு என் மகனும் பங்குதாரர். ஒஷாவாவில் இருக்கும் ஒரு உறவினர் தன் முகவரியைத் தாராளமாகத் தர முன்வந்தார். புரோக்கர் தம்பி கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம், அண்ணை. கிளெயிம் எண்டு வந்தால் இரவிலை கார் எங்கை படுக்குது எண்டுதான் துருவித் துருவிக் கேப்பாங்கள். பொய் எண்டு பிடிச்சால் கட்டின காசும் போச்சு, கிளெயிமும் போச்சு."

ஆணாகப் பிறந்தது அடுத்த தோஷம். இதைக் கழிக்க வழி கண்டவர் ஒருவர் இருக்கிறார். 2018இல் சிபிசியில் வந்த செய்தி. அல்பேர்ட்டாவில் இருபதுகளில் இருந்த ஒரு இளைஞர் புது ஷெவ்ரோலே ஒன்று வாங்கப் பார்த்தார். காப்புறுதி வருடத்துக்கு 4,500 டொலர் அளவில் வந்தது. இதே நான் பெண்ணாக இருந்தால் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். 1,100 டொலர் குறையும் என்றார்களாம். மனிதர் வைத்தியரிடம் கடிதம் வாங்கி, அரசாங்கத்துக்கு அனுப்பி, பிறப்புச் சான்றிதழில் தன்னைப் பெண்ணாக மாற்றிக்கொண்டார். தான் ஆண்தான், இது காப்புறுதிக்கு மட்டும்தான் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சான்றிதழ் மாற்றத்துக்காக உண்மையாகவே போராடியவர்கள் இதைக் கேட்டுக் கோபப்பட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் 1,100 டொலர் என்ற எண்ணைக் கேட்டதும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கணம் எல்லோரும் மகனைத் திரும்பிப் பார்த்தது உண்மை. அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "பேரன் பேரனாவே இருக்கட்டும். நான் பென்சனிலை தாறன்."

ஐரோப்பாவில் பெரும்பாலும் இந்த வித்தியாசம் கிடையாது. ஆண், பெண் பார்த்து விலை போடக்கூடாது என்று 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்த்துவிட்டது. 2012 டிசம்பர் 21இலிருந்து நடைமுறை. லண்டனில் ஹரோவில் இருக்கும் என் தங்கை இதை நீதி என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். அவளுக்கு மூன்றும் பெண்பிள்ளைகள்.

வயதையும் பாலையும் இரண்டையுமே பார்க்காத ஊர் கனடாவுக்குள்ளேயே இருக்கிறது. மனிடோபாவில் அடிப்படைக் காப்புறுதி அரசாங்கத்தின் கையில். அங்கே ஒருவர் எப்படி ஓடினார் என்ற வரலாறுதான் கணக்கு. பதினெட்டா, ஐம்பதா என்று கேட்பதில்லை. குடும்பத்தோடு வின்னிபெக்குக்குப் போனால் என்ன என்று தை மாதத்தில் ஒரு நாள் மெதுவாகக் கதையைத் தொடங்கினேன். அங்கே அன்றைக்குக் குளிர் மறை முப்பது. "நல்லது. போய் இறங்கினதும் ஃபோன் பண்ணுங்கோ" என்றாள் மனைவி.

இவ்வளவு புலம்பினாலும், விலை போட்டவர்கள் முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அமெரிக்கக் கணக்கின்படி, ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் 16 முதல் 19 வயது வரையானவர்கள் உயிர் போகும் விபத்தில் மாட்டுவது, 20 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. காருக்குள் சம வயதுச் சிநேகிதர் ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. ஒன்ராறியோ அரசாங்கமும் இதை அறிந்துதான் வைத்திருக்கிறது. 19 வயது வரையான ஜி2 சாரதிகள் முதல் ஆறு மாதத்துக்கு நள்ளிரவுக்கும் காலை 5 மணிக்கும் இடையில் தங்கள் வயதொத்தவர் ஒருவரைத்தான் ஏற்றலாம். இரண்டாவது சிநேகிதன் ஏறினால் ஸ்டியரிங்கில் இருப்பவனின் புத்தி பாதியாகிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தேவையில்லை. அந்த வயதில் என்னோடு திரிந்தவர்களையும் எனக்குத் தெரியும்.

கம்பனிக்கு என் மகனைத் தெரியாது, மகன்களைத் தெரியும். நான் இதைப் புரோக்கர் தம்பியிடம் சொன்னபோது அவர் தன் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையைக் காட்டினார். "அண்ணை, என்ரை பெடியன் ஒழுங்காய் ஓடமாட்டான் எண்டு உதிலை இருந்து ஒரு தகப்பனும் இதுவரைக்கும் சொன்னதில்லை. ஆனா கிளெயிம் வருதே." நான் அந்தக் கதிரையில் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தேன்.

பரிகாரங்கள் இருந்தன. பயிற்சி வகுப்புச் சான்றிதழுக்குக் கழிவு. வீட்டுக் காப்புறுதியையும் அதே கம்பனிக்கு மாற்றினால் கழிவு. பனிக்கால ரயருக்குக் கழிவு. 2016 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து எல்லாக் கம்பனிகளும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். எல்லாம் சேர்ந்தும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. ஓபிசிஎஃப் 28ஏ என்று ஒரு படிவமும் இருந்தது. இன்ன ஆள் எங்கள் வாகனத்தை ஓடமாட்டார், மீறி ஓடினால் கம்பனி பொறுப்பில்லை என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், மகனுக்கென்று கூடுதலாக ஒன்றும் கட்டத் தேவையில்லை. மனைவி மகனின் முழுப்பெயரை அந்தப் படிவத்தில் பார்த்துவிட்டு, "பெத்த பிள்ளையை வேண்டாம் எண்டு எழுதிக் குடுக்கிறதோ?" என்று அதை என் கையிலிருந்து பறித்து மடித்து வைத்துவிட்டாள். எங்கே வைத்தாள் என்று இன்றுவரை தெரியாது.

கடைசியில் புரோக்கர் தம்பி குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். வீட்டில் ஓடுகிறவர்கள் மூன்று பேர், நிற்பதும் மூன்று வாகனம். ஆகவே மகன் தலையில் ஒரு வாகனத்தைக் கட்டி, அவன்தான் அதன் பிரதான சாரதி என்று கம்பனி எழுதுகிறது. கொரோலாவை விற்றுவிட்டால் இரண்டு வாகனத்துக்கு மூன்று பேர். அவன் எப்போதாவது ஓடுகிறவன் ஆகிவிடுவான். பார்த்தார். 3,900. ஒரு இளைஞன் கட்டுப்படியான விலைக்குக் கார் ஓட வேண்டுமென்றால் அவனிடம் கார் இருக்கக்கூடாது என்ற உண்மையை நான் ஒருவாறு சீரணித்துக்கொண்டேன். கொரோலா போனது. மகன் தாயின் ஹொண்டா சி.ஆர்.வி.க்கு மாறினான். அதற்கும் ஒரு குறை உண்டு: 2022இல் கனடாவில் அதிகம் திருட்டுப்போன வாகனங்களில் முதலிடம் அதற்குத்தான். வாசலில் நின்றபடியே உள்ளே இருக்கும் சாவியின் சிக்னலைப் பிடித்துக்கொண்டு போகிறார்களாம். மனைவி சாவியை ஒரு டேனிஷ் பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து மூடுகிறாள். உள்ளே நூலும் ஊசியும் இருக்கும் என்று நினைத்துத் திறந்த அம்மா ஏமாந்து போனார்.

மிஞ்சியது ஆப். போனில் அதைப் போட்டுவிட்டால், எவ்வளவு வேகம், எத்தனை மணிக்கு, பிரேக்கை எப்படி மிதித்தாய், ஓடும்போது போனைத் தொட்டாயா என்று பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போடும். நல்ல புள்ளி என்றால் அடுத்த வருடம் கழிவு. எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. பிறந்த திகதியை வைத்துப் பலன் சொல்லாமல், பெடியன் செய்வதைப் பார்த்து ஏதோ ஒன்றாவது மதிப்பெண் போடுகிறதே. மகன் 91இல் நின்றான். நான் அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தமையனார் வந்து அம்மாவையும் மகனையும் தன்னுடைய காரில் ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணருக்கு ஆறு ஸ்டார். ஆறு வருடமோ அதற்கு மேலோ பிழையில்லாமல் ஓடியவருக்கு இங்கே அந்தப் பட்டம். அவர் அதை எப்போதோ எடுத்து இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறார். மத்தியானம் திரும்பி வந்ததும் மகன் நேரே என்னிடம் வந்து போனை நீட்டினான். 74. தேர் ஓடிய மாதிரி ஒரு வரைபடம், அதில் வழிநெடுக சிவப்புப் புள்ளிகள். திடீர் பிரேக், திடீர் பிரேக், வேகம், திடீர் பிரேக். ஸ்டியரிங்கில் இருந்தது யார் என்று ஆப்புக்குத் தெரியவில்லை. போன் இருந்த சட்டைப் பையின் சொந்தக்காரனுக்குக் கணக்கெழுதிவிட்டது.

"இட்ஸ் நொட் ஃபெயர், அப்பா. பெரியப்பா ஓடினது."

"போனுக்கென்ன தெரியும்?" என்றார் அண்ணர், விபூதியைத் துடைத்துக்கொண்டு. "முப்பது வருஷமாய் ஓடுறன். எனக்கு ஒரு கிளெயிம் இல்லை."

"உங்களுக்கு இல்லை" என்றாள் மனைவி, குசினிக்குள் இருந்து.

ஓட்டியது நானில்லை, நான் பயணி என்று திருத்துவதற்கு ஆப்பில் ஒரு இடம் இருந்தது. மகன் தட்டினான். 74 மறைந்து 91 திரும்பி வந்தது. அண்ணர் அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கழிவு என்ற சொல் அவர் காதில் விழுந்துவிட்டது.

"எட தம்பி, அப்ப உதை எனக்கும் ஒருக்காப் போட்டு விடன். எனக்கும் இன்சூரன்ஸ் குறையுமே?"

மகன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கற்ற மரியாதை முழுவதையும் திரட்டிக்கொண்டு சொன்னான்:

"பெரியப்பா, நீங்கள் இருக்கிறதோட சந்தோஷமாய் இருங்கோ."